கடலடி எண்ணெயில் கடலோரத்துக்கும் ஒரு பங்கு வேண்டும்

திருவாரூர் மாவட்டத்தில் வயலுக்கு நடுவே ஓஎன்ஜிசி ஒரு கிணறு தோண்டி எண்ணெய் எடுத்தால், அதற்கான ராயல்டி, அதாவது எடுத்த எண்ணெயின் மதிப்பில் ஒரு பங்கு, தமிழ்நாடு அரசுக்கு வரும். அதே காவிரிப் படுகைதான், ஆனால் கிணறு நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே கடலுக்குள் இருந்தால் நமக்கு ஒரு பைசா கிடையாது, முழுத் தொகையும் ஒன்றிய அரசுக்குப் போய்விடும். இதைச் சொன்னால் நண்பர்கள் பலர் நம்ப மறுக்கிறார்கள். "நம்ம கடல்ல எடுத்தா நமக்கு வராதா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வராது. இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எழுத நினைத்துக்கொண்டிருந்தேன், சென்னையில் கடலோரமாக வாழ்கிற நமக்கு இது தெரிந்தே ஆக வேண்டிய விஷயம்.

சட்டப்படி பார்த்தால் இதில் குழப்பமே இல்லை. அரசியல் சட்டத்தின் 297ஆவது பிரிவு, கடலுக்கு அடியில் இருக்கும் நிலம், கனிமம், மதிப்புள்ள மற்ற எல்லாம் ஒன்றியத்துக்கே சொந்தம் என்று சொல்கிறது. முதலில் அது கரையை ஒட்டிய பிராந்தியக் கடலுக்கு மட்டும் இருந்தது. 1963இல் ஒரு திருத்தம் கண்டத்திட்டை, அதாவது கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலத்தைச் சேர்த்தது, 1976இல் இன்னொரு திருத்தம் 200 கடல் மைல் வரையுள்ள தனிப் பொருளாதார மண்டலத்தையும் சேர்த்தது. மீன் விஷயம் மட்டும் வேறு. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது மாநிலத்தின் வேலை, அதற்காகத்தான் தமிழ்நாடு 1983இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமே போட்டது. யார் எத்தனை மைலுக்குள் வலை போடலாம், எப்போது தடைக்காலம், எந்த வலைக்கு அனுமதி இல்லை என்று பார்த்துக்கொள்வதும், அதில் வரும் சண்டைகளைத் தீர்ப்பதும் மாநிலம். அதே தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரை மட்டும் டெல்லியுடையது.

கடலூருக்கு அப்பால் பிஒய்-1, பிஒய்-3 என்று கடலுக்குள் இரண்டு எண்ணெய், எரிவாயு வயல்கள் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிஒய்-3இல் 1997 முதல் 2011 வரை எண்ணெய் எடுத்தார்கள். பிஒய்-1இல் எடுத்த எரிவாயு கடலடிக் குழாய் வழியாகத் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பிள்ளைபெருமாள்நல்லூரில் கரையேறியது. குழாய் கரையேறியது நம் மண்ணில், ராயல்டி கரையேறியது டெல்லியில்.

சரி, வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். அமெரிக்காவில் இந்தச் சண்டை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. 1947இல் கலிஃபோர்னியாவும் 1950இல் லூசியானாவும் டெக்சாஸும் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன, கடலடி நிலத்தில் உரிமை மத்திய அரசுக்கே என்று தீர்ப்பு வந்தது. மாநிலங்கள் விடவில்லை. 1953இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுக் கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை மாநிலங்களுக்குக் கொடுத்துவிட்டது, டெக்சாஸுக்கும் ஃப்ளோரிடாவின் வளைகுடாப் பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒன்பது மைல். அதற்கு அப்பால் மத்திய அரசு. ஆனால் பெரிய எண்ணெயெல்லாம் அதற்கு அப்பால்தானே இருக்கிறது. அப்போது லூசியானாக்காரர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. வயோமிங் போன்ற உள்நாட்டு மாநிலத்தில் மத்திய அரசு நிலத்தில் எண்ணெய் எடுத்தால் 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மாநிலத்துக்கு ஏறக்குறைய பாதிப் பணம் போகிறது, அதே மத்திய அரசின் கடலில் எங்கள் கண்ணெதிரே எடுத்தால் மட்டும் ஏன் எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று கேட்டார்கள்.

2005இல் கத்ரீனா புயல் வந்து நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. அடுத்த ஆண்டே மெக்சிகோ வளைகுடா எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி வளைகுடாவில் குறிப்பிட்ட குத்தகைகளிலிருந்து மத்திய அரசுக்கு வரும் வருவாயில் 37.5 சதவீதம் லூசியானா, டெக்சாஸ், மிசிசிப்பி, அலபாமா ஆகிய நான்கு மாநிலங்களுக்குப் பிரிக்கப்படுகிறது. ராயல்டி மட்டும் இல்லை, குத்தகை ஏலத்தில் வரும் தொகையும் வாடகையும் இந்தக் கணக்கில் சேரும். ஆண்டுக்கு இத்தனைக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பும் வைத்தார்கள், முதலில் அது 50 கோடி டாலர். அந்த வரம்பை எடுக்கச் சொல்லி இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இதில் சதவீதத்தைவிட முக்கியமாகப் படுவது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, ஒவ்வொரு மாநிலத்துக்கும் போகும் பங்கில் ஐந்தில் ஒரு பகுதி மாநிலத் தலைநகரைத் தொடாமல் நேரடியாகக் கடலோர உள்ளாட்சிகளுக்குப் போகிறது. இரண்டு, இந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று சட்டமே சொல்லிவிடுகிறது: கரையோரப் பாதுகாப்பு, ஈரநிலச் சீரமைப்பு, புயல் தடுப்பு, மீன்வளத்துக்கு ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்வது, எண்ணெய்த் தொழிலால் கரையில் பாதிக்கப்பட்ட சாலை துறைமுகம் போன்றவை. நிர்வாகச் செலவு மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லூசியானா இன்னும் ஒரு படி மேலே போனது. 2006இலேயே மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தி, மக்கள் வாக்களித்து, இந்தப் பணம் கரையோரப் பாதுகாப்பு நிதிக்குத்தான் போக வேண்டும் என்று பூட்டுப் போட்டுவிட்டார்கள். எந்த ஆளுநர் (நம் ஊர் முதல்வர் மாதிரி) வந்தாலும் அதை எடுத்து வேறு எதற்கும் செலவழிக்க முடியாது.

அவர்கள் அப்படிப் பூட்டுப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. 1930களிலிருந்து இதுவரை அந்த மாநிலம் ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் கடலிடம் இழந்திருக்கிறது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கரை கட்டியதால் வண்டல் வராமல் போனது ஒரு காரணம். எண்ணெய் நிறுவனங்கள் சதுப்பு நிலத்தை வெட்டி வெட்டிக் கால்வாய் போட்டதில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிப் புல் செத்து மண் கரைந்தது இன்னொரு காரணம். கடலுக்குள் கிணறு தோண்டக் கப்பல், குழாய், ஆள், அரிசி, தண்ணீர் எல்லாமே கரையிலிருந்துதான் போக வேண்டும். கிணறு எத்தனை மைலுக்கு அப்பால் இருந்தாலும் பாரம் கரைமேல்தான் விழும்.

இங்கே எண்ணூருக்கு வருகிறேன். 2017 ஜனவரி 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கொட்டிய எண்ணெய் வடசென்னைக் கரை முழுக்கப் படிந்ததும், ஆட்கள் கையில் வாளியை வைத்துக்கொண்டு அதை அள்ளியதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்திலும் நிரம்பியது. இந்த இரண்டும் கடலடிக் கிணற்றிலிருந்து வந்தவை இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் எண்ணெய்த் தொழில் நடக்கும் கடலோரத்தில் வாழ்வதென்றால் என்ன என்பதை அந்த இரண்டு முறையும் நாம் கண்ணால் பார்த்தோம்.

2023இல் அந்த வெள்ளம் வடிந்த பிறகு எண்ணூர்ப் பக்கம் போயிருந்தேன். வலையில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று அதற்கு முன்பு எனக்குத் தெரியாது. நைலான் கண்ணிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தால் மேலே இருக்கும் கறுப்புப் போகிறது, முடிச்சுக்குள் இறங்கிய பிசின் போகவில்லை, காய்ந்ததும் வலை விறைத்துப்போய்ச் சாக்கு மாதிரி நிற்கிறது. படகின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டம் வரை கறுப்பாகப் பட்டை. முகத்துவாரத்தில் இறால் போடும் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் கையால் இறால் தடவுகிறவர்களுக்கு வலைகூட இல்லை, கையும் மார்பும்தான் அவர்களுடைய தொழில் கருவி. தோலெல்லாம் எண்ணெய். அங்கே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுவாக்கில் இந்த ராயல்டி விவரத்தைச் சொன்னேன். "அப்போ கடலுக்கு அடில எது கெடச்சாலும் டில்லிக்குதான் போவுமா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் அண்ணே என்றேன். "வலைக்கு மட்டும் யாரக் கேக்கறது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த முறை தொழில் நின்றுபோன குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் என்று நிவாரணம் அறிவித்தது மாநில அரசு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கு நிவாரணம் கொடுப்பதும் மாநிலம், இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய். படகுக்கு வரிவிலக்கு டீசல், கடல் அரிப்புக்குத் தூண்டில் வளைவு, புயலுக்குப் பாதுகாப்பு மையம் எல்லாமே மாநிலம் முழுதாகவோ பெருமளவோ தன் கையிலிருந்து போட்டுச் செய்கிற செலவு. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை, 600க்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள். கடலின் செலவுக் கணக்கு சென்னையில் இருக்கிறது, வரவுக் கணக்கு டெல்லியில் இருக்கிறது.

இன்னொரு ஒப்பீடு என்னை ரொம்பவே உறுத்துகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டுகிறார்கள். அதன் ராயல்டி மாநிலத்துக்கு வருகிறது, அதற்கு மேல் 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று வைத்தார்கள். ராயல்டிக்கு மேல் ஒரு தொகையை நிறுவனங்கள் அதில் கட்ட வேண்டும், அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் போக வேண்டும். நடைமுறையில் குறைகள் இருக்கட்டும், கொள்கை சரியானது, தோண்டும் இடத்தில் வாழ்கிறவனுக்கு உரிமை உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தில் எண்ணெயும் எரிவாயுவும் சேராது. அதனால் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊருக்கு இருக்கும் பாதுகாப்பு எண்ணெய்க் கிணற்றுக்குப் பக்கத்து ஊருக்குக் கிடையாது, கடலுக்குள் இருக்கும் கிணற்றைச் சுற்றி 500 மீட்டருக்குள் வலை போட முடியாமல் போகும் மீனவருக்குச் சுத்தமாகக் கிடையாது.

இதற்கு எதிராக எப்போதும் வரும் வாதம், கடல் நாட்டுக்கே பொது, பீகார்க்காரருக்கும் மத்தியப் பிரதேசத்துக்காரருக்கும் அதில் பங்கு இருக்கிறது, கடலோரத்தில் பிறந்ததால் மட்டும் உங்களுக்கு ஏன் கூடுதல் என்பது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஜார்கண்டின் நிலக்கரி ராயல்டியும் ஒடிசாவின் இரும்புத்தாது ராயல்டியும் அந்தந்த மாநிலத்துக்குத்தான் போகின்றன, அதைப் பொது என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அப்புறம், ராயல்டி என்பது வரியல்லாத வருவாய், வரிக் கணக்கில் சேராது. நிதிக்குழு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது வரி வருவாயை மட்டும்தான். ஆக மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயலில் 1976லிருந்து எடுக்கும் எண்ணெயின் ராயல்டியில் மகாராஷ்டிரத்துக்கு உரிமையாக ஒன்றும் போகவில்லை, பீகாருக்கும் பங்காகப் போகவில்லை. உள்நாட்டு மாநிலங்களின் பெயரைச் சொல்லித்தான் கடலோர மாநிலங்களின் வாயை அடைக்கிறார்கள்.

மீனவ ஊர்களில் பங்கு பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் கேட்பது உடனே புரியும். படகுக்காரருக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, இன்ஜினுக்கு ஒரு பங்கு, தொழிலுக்குப் போன ஆளுக்கு ஆள் ஒரு பங்கு. படகு என்னுடையது, அதனால் பாடு, அதாவது பிடித்த மீன், முழுவதும் எனக்கே என்று எந்த உரிமையாளரும் சொல்ல முடியாது.

சட்டம் ஒன்றியத்தின் பக்கம் இருந்தாலும் பங்கு கொடுக்கலாம் என்பதற்குக் கனடா நல்ல உதாரணம். நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள ஹைபர்னியா எண்ணெய் வயல் மத்திய அரசுக்கே என்று 1984இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே இரண்டு அரசுகளும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன: எண்ணெய் நிலத்தில் கிடைத்திருந்தால் மாகாணம் எப்படி ராயல்டி வாங்குமோ அப்படியே வாங்கிக்கொள்ளலாம், நிர்வாகத்தை இருவரும் சேர்ந்து பார்க்கலாம். நைஜீரியாவிலும் 2002இல் நீதிமன்றம் கரையோர மாநிலங்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல, 2004இல் சட்டம் போட்டு கடலின் ஆழம் 200 மீட்டர் வரையுள்ள இடங்களில் எடுக்கும் எண்ணெயை அந்தந்த மாநிலத்தில் கிடைத்ததாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

மலேசியாவின் கதை எச்சரிக்கை. அங்கே மாநிலங்களுக்கு ஐந்து சதவீதம் என்று இருந்தது. 1999 தேர்தலில் திரங்கானு மாநிலத்தில் எதிர்க்கட்சி ஜெயித்தது. அடுத்த ஆண்டே ராயல்டியை நிறுத்திவிட்டு, அன்பளிப்புப் பணம் என்ற பெயரில் மத்திய அரசே தன் அமைப்புகள் வழியாகச் செலவழிக்க ஆரம்பித்தது. நம் ஊர் அரசியல் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பங்கு கேட்டால், அது மனம் குளிர்ந்து கொடுக்கும் மானியமாக இருக்கக் கூடாது, சட்டத்தில் எழுதிய உரிமையாக இருக்க வேண்டும்.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ராயல்டி வரி ஆகாது, கனிம உரிமைகள்மீது வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னதே, அது உதவாதா என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் 1989இல் தமிழ்நாடு தோற்றதை மாற்றிய தீர்ப்பு அது, நமக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் கடலடிக்கு அரசியல் சட்டத்தின் 297ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டால்தான் வழி பிறக்கும்.

பணம் எவ்வளவு வரும்? இன்றைய நிலையில் தமிழ்நாட்டுக்குப் பெரிதாக ஒன்றும் வராது. மும்பை ஹை இருப்பதால் மகாராஷ்டிரத்துக்கும், கிருஷ்ணா கோதாவரிப் படுகை இருப்பதால் ஆந்திரத்துக்கும்தான் அதிகம் போகும். தவிர, 2016இல் வந்த புதிய கொள்கைப்படி ஆழமற்ற கடலுக்கு ராயல்டி 7.5 சதவீதம், ஆழ்கடலுக்கு முதல் ஏழு ஆண்டுகள் ராயல்டியே கிடையாது, அதற்குப் பிறகு 5 சதவீதம், மிக ஆழமான கடலுக்கு வெறும் 2 சதவீதம். அதனால் ராயல்டியில் மட்டும் பங்கு கேட்டு வாங்கினால் கையில் வருவது காகிதம்தான். அரசு அந்த நிறுவனங்களிடமிருந்து வாங்கும் வருவாய்ப் பங்கையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும், அமெரிக்கச் சட்டம் ஏலத் தொகையையும் வாடகையையும் சேர்த்துக்கொண்ட மாதிரி.

அப்புறம் ஏன் இப்போதே கேட்கணும் என்றால், கடலில் அடுத்து வரப்போவது காற்றாலை. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது, அதில் 500 மெகாவாட் தமிழ்நாட்டுக் கடலுக்கு, 500 குஜராத் கடலுக்கு. தென்கோடிக் கடலில் காற்று எப்படி அடிக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலடிக் குத்தகை அங்கேயும் ஒன்றிய அரசின் கையில்தான். அமெரிக்காவில் கடல் காற்றாலை வருவாயிலும் மாநிலங்களுக்கு அதே 37.5 சதவீதம் வேண்டும் என்று இரு கட்சி செனட்டர்களும் சேர்ந்து மசோதா கொண்டுவந்தார்கள். நாம் எண்ணெயில் விட்டதைக் காற்றிலும் விடக் கூடாது.

என்னை மிகவும் யோசிக்க வைத்த மறுப்பு சூழலியல் நண்பர்களிடமிருந்து வந்தது. பங்கு கிடைக்கும் என்று தெரிந்தால் மாநில அரசே கிணறு தோண்டச் சொல்லி அவசரப்படுத்தும், மன்னார் வளைகுடாவையும் விற்றுவிடும் என்கிறார்கள். பயம் நியாயமானது. டெல்டாவில் நெடுவாசலும் கதிராமங்கலமும் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்துப் போராடித்தான் 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது, அந்தச் சட்டம் கரையோடு நின்றுவிடுகிறது. 2025இல் மன்னார் வளைகுடாவுக்குப் பக்கத்தில் ஆழ்கடல் வட்டாரம் ஒன்றை ஏலத்துக்கு விட்டபோது முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம்தான் எழுத முடிந்தது. இன்றைக்கு நமக்குப் பணமும் இல்லை, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் இல்லை. அதனால் நான் இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்: கனடா மாதிரி முடிவெடுப்பதில் மாநிலத்துக்கு இடம், லூசியானா மாதிரி பணத்துக்குப் பூட்டு. மன்னார் வளைகுடாவில் தோண்டக் கூடாது என்றால், எத்தனை சதவீதம் தந்தாலும் தோண்டக் கூடாது.

வரும் பணத்தில் ஐந்தில் ஒரு பகுதியாவது கோட்டைக்குப் போகாமல் கடலோர ஊராட்சிகளுக்கும் மீனவ ஊர்களுக்கும் நேராகப் போக வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை மாநகராட்சிக்குள் இருக்கும் குப்பங்கள் விடுபட்டுவிடாதபடி சட்டத்தில் எழுத வேண்டும், ஏனென்றால் அவற்றுக்குத் தனி ஊராட்சி கிடையாது. ஒன்றிய மாநில உறவுகளை ஆராய 2025இல் தமிழ்நாடு அரசு நீதிபதி குரியன் ஜோசஃப் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு முன்னால் மீனவர் சங்கங்கள் இதைக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சங்கத்துக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. உங்கள் தொகுதி எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் எழுதுங்கள், நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் இதைக் கேட்கச் சொல்லுங்கள்: கடந்த பத்து ஆண்டுகளில் காவிரிப் படுகையின் கடல்பகுதியிலிருந்து ராயல்டியாகவும் வருவாய்ப் பங்காகவும் ஒன்றிய அரசுக்கு வந்தது ஆண்டுவாரியாக எவ்வளவு, அதில் தமிழ்நாட்டு மீனவ ஊர்களுக்குச் செலவானது எவ்வளவு? நான் வடசென்னைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.